தராசில் நிற்காத எண்

முப்பத்தொரு வயதில் எனக்குப் பணி நிறைவு விழா நடந்துவிட்டது. சிதம்பரத்தில் நான் ஆராய்ச்சி மாணவியாகவும், பட்டம் வாங்கிய பின் திட்ட உதவியாளராகவும் இருந்த வேதியியல் ஆய்வகத்தின் பிள்ளைகள்தான் நடத்தினார்கள். கடலூரில் ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலை கிடைத்துக் கிளம்புகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், சால்வை வாங்கி வந்து போர்த்திவிட்டார்கள். பியூரெட் மாட்டும் இரும்புத் தாங்கியை மைக் போல முன்னால் நிறுத்தி, ஜூனியர் கயல்விழி வாழ்த்துரை வழங்கினாள்.

"அம்மையார் அவர்கள் தம் ஓய்வுக் காலத்தைப் பேரன் பேத்திகளோடு இனிதே கழிக்க வேண்டும் என்று..."

எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

விழா முடிந்து லட்டைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, துறை மலர்ல அனுபவக் கட்டுரைன்னா ரிட்டயர் ஆனவங்கதான் எழுதுவாங்க. நீங்க இன்னையோட ஆயிட்டீங்க. எழுதிக் குடுங்க."

"என்னாடி எழுதறது?"

"நிக்கல் கதைய எழுதுங்க. நான் சொன்னா புதுசா வந்த பிள்ளைங்க நம்ப மாட்டேங்குதுங்க. நான் சேத்துச் சொல்றேனாம்."

அவள் சேர்த்துத்தான் சொல்வாள். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

என் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. அப்பா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைக்கிறார். பெட்டி தூக்க ஆள் குறைந்தால் அதற்கும் போவார். அம்மா இறால் உரிக்கும் கொட்டகைக்குப் போகிறார். இருவருக்கும் கைநாட்டுதான். பள்ளி, கல்லூரி, நுழைவுத் தேர்வு எல்லாவற்றையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: எங்கெல்லாம் முதல் வரிசை இருந்ததோ அங்கெல்லாம் போய் உட்கார்ந்தேன். கடைசியாகப் போய் உட்கார்ந்த இடம் வசந்தா மேடத்தின் ஆய்வகம். தினமும் காலையில் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ், சாயங்காலம் திரும்பி வர பஸ்.

சேர்ந்து ஒரு வருஷம் ஆனபோது அப்பா கேட்டார். "அங்க இன்னாமா பண்ற நீ? கேக்கறவங்களுக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

"மீன் பெட்டிய நாலு பேரு நாலு மூலையில புடிச்சித் தூக்குறீங்கல்ல?"

"ஆமா."

"நாலு பேரும் ஒரே பக்கம் நடந்தா?"

"பொட்டி வண்டிக்குப் போவும்."

"ரெண்டு பேரு இந்தப் பக்கம், ரெண்டு பேரு அந்தப் பக்கம் இழுத்தா?"

"மேஸ்திரி வாயில வந்ததெல்லாம் திட்டுவாரு."

"அந்த நாலு பேரும் எந்தப் பக்கம் நடக்கறாங்கன்னு பாக்கறதுதான் என் வேல."

"பாக்கறதுக்கா இத்தினி வருஷம்?"

"ரொம்பச் சின்ன ஆளுங்கப்பா. கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க."

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீ மேஸ்திரி" என்றார். மறுநாளே துறைமுகம் முழுக்க அப்படித்தான் சொல்லியிருக்கிறார்.

அப்பாவிடம் சொன்னதற்கு மேல் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் செய்தவை உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சின்னச் சின்னக் கொத்துகள். நான் செய்ததில் நான்கு நிக்கல் அணுக்களும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளில் மாறி மாறி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு நிக்கலும் ஒரு குட்டிக் காந்தம். இரண்டு நிக்கல்கள் நேராகத் தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் இருக்கும் ஆக்சிஜன் வழியாகத்தான் ஒன்றுக்கு மற்றொன்றின் சேதி போகும். அந்த ஆக்சிஜனில் உண்டாகும் கோணம் செங்கோணத்தை ஒட்டி இருந்தால் நிக்கல்கள் ஒரே பக்கம் திரும்பும். கோணம் ஒரு சில டிகிரி விரிந்துவிட்டால் போதும், எதிரெதிர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். சாதாரண வெப்பத்தில் எல்லாம் ஆடிக்கொண்டே இருப்பதால் யார் எந்தப் பக்கம் என்று தெரியாது. குளிர வைக்க வேண்டும். ஐஸ் குளிரெல்லாம் காணாது. காற்றே உறைந்து கல்லாகும் குளிருக்கும் கீழே கொண்டுபோக வேண்டும். அப்படிக் குளிர வைத்துக்கொண்டே காந்தத்தின் வலுவை அளந்து வெப்பநிலையால் பெருக்கிக் கோடு போடுவோம்; குளிரக் குளிர அது ஏறினால் நான்கும் ஒரு பக்கம். இறங்கினால் எதிர்ப் பக்கம். ஏறினால் ஒற்றுமை, இறங்கினால் சண்டை. எங்கள் ஆய்வகத்தில் இப்படித்தான் பேசிக்கொள்வோம்.

அளக்கும் இயந்திரம் எங்களிடம் இல்லை. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருந்தது. சில மாதங்களுக்கு ஒரு முறை எங்களுக்கு முறை வரும். அதனால் பொருளைத் தயார் செய்து அனுப்புவதில் ஒரு தவறு நடந்தாலும் சில மாதம் போனது போனதுதான். வசந்தா மேடத்தின் கறார் எல்லாம் இங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்பாக எதையாவது செய்தால், செய்தவளைப் பார்க்காமல் அந்தப் பொருளைப் பார்த்துப் பேசுவார். "இந்த பீக்கர் பாவம்" என்பார். இரும்புக் கரண்டியால் படிகங்களைத் தொட்டால் பாவம் படிகங்கள். இரும்புத் துகள் ஒன்று ஒட்டினாலும் நிக்கலின் மெல்லிய காந்தத்தை அது விழுங்கிவிடும் என்பதால் பிளாஸ்டிக் கரண்டிதான். வளையல், மோதிரம் எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

அவருடைய சட்டங்களில் பெரியது தராசுச் சட்டம். எங்கள் தராசு ஒரு உப்புக்கல்லின் மூலையைக் கிள்ளினாலும் சொல்லிவிடும். காற்று பட்டால் எண் ஓடும். எனவே எடை போடும்போது மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, தராசின் கண்ணாடிக் கதவை மூடிவிட்டு நிற்க வேண்டும். எண் ஆடாமல் நின்ற பிறகுதான் எழுத வேண்டும். "எண் நிக்கட்டும்" என்பார் மேடம். சித்திரை வெயிலில் நாங்கள் எல்லாரும் வியர்வை வழிய, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைசி எண்ணையே பார்த்து நிற்போம். நடராஜர் கோயிலுக்கு மேற்கே வீடு இருக்கும் கயல்விழி இதற்கு நடை சாத்துவது என்று பெயர் வைத்திருந்தாள். வெளியே யாராவது கதவைத் தட்டினால், "நடை சாத்தியாச்சு, அப்புறம் வாங்க" என்பாள்.

எடை போட்ட தூளை ஒரு மாத்திரைக் கூட்டுக்குள் அடைத்து, அந்தக் கூட்டை ஒரு ஸ்ட்ராவுக்குள் செருகி இயந்திரத்தில் இறக்குவார்கள். ஜூஸ் குடிக்கிற அதே பிளாஸ்டிக் ஸ்ட்ராதான். உலகத்தில் பாதி ஆய்வகங்களில் இதுதான் பழக்கம். எடை இல்லாதது, நேரானது, காந்தத்துக்கு வாய் திறக்காதது. இதைவிட நல்ல குழாய் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் மேடம் சொல்கிற ஸ்ட்ராவாக இருக்க வேண்டும்: நிறக் கோடு கூடாது, சாயத்தில் என்ன இருக்குமோ, வளைகிற கழுத்து கூடாது, அளவு ஒரே சீராக இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை வந்ததும் எங்களுக்கு வந்த கஷ்டம் யாருக்கும் வந்திருக்காது. நானும் கயல்விழியும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒவ்வொரு ஜூஸ் கடையாக ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் காகித ஸ்ட்ரா. ஒரு கடைக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"பிளாஸ்டிக் ஸ்ட்ராவா? நீங்க யாரு, ஆபீஸ்லேர்ந்து வர்றீங்களா?"

"இல்லண்ணா, எங்களுக்கு வேணும்."

"இப்படித்தாம்மா கேப்பீங்க. எடுத்துக் குடுத்தா ஃபைன் போடுவீங்க."

"அண்ணா, சத்தியமா ஆராய்ச்சிக்கு. அதுக்குள்ள நிக்கல் வெச்சு..."

"ஸ்ட்ராக்குள்ள நிக்கலா? யம்மா, வேற கடை பாருங்க."

கயல்விழி விடவில்லை. சாத்துக்குடி ஜூஸ் இரண்டு வாங்கி, காகித ஸ்ட்ரா ஊறிப் போய் வாயோடு வந்ததைக் காட்டி, "பாருங்கண்ணா, இத நம்பி நாங்க மெட்ராஸ் போக முடியுமா?" என்றாள். அவர் சிரித்துவிட்டார். பரணில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கட்டை எடுத்துப் போட்டார். வெள்ளை, கோடில்லாதது, நேரானது. நாங்கள் கடத்தல் பொருள் போல அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு வந்தோம். மேடம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல பிள்ளைங்க" என்றார். எங்களைச் சொன்னாரா ஸ்ட்ராக்களைச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

இனி நிக்கல் கதை.

என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்காக ஒரு புதிய நான்கு நிக்கல் கொத்தைச் செய்திருந்தேன். மெத்தனால் கரைசலிலிருந்து மெதுவாக விளைந்த படிகங்கள். பச்சைக் கண்ணாடித் துண்டுகள் மாதிரி பளபளக்கும். எக்ஸ் கதிர் வைத்து உள்ளே எந்த அணு எங்கே இருக்கிறது என்று படம் எடுத்தாயிற்று. ஆக்சிஜன் கோணங்கள் எல்லாம் செங்கோணத்தை ஒட்டி அழகாக இருந்தன. ஒவ்வொரு நிக்கலோடும் ஒரு மெத்தனால் மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருந்தது. கோணத்தைப் பார்த்தவுடனே மேடம் சொன்னார்: "ஏறும்."

சென்னையிலிருந்து கோடு வந்தது. இறங்கியிருந்தது.

படம் ஒற்றுமை என்கிறது, காந்தம் சண்டை என்கிறது. கரண்டியை மாற்றினோம், மாத்திரைக் கூட்டை மாற்றினோம், ஸ்ட்ராவை மாற்றினோம். நான் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துப் பார்த்து எடை போட்டேன். நடை சாத்தி, எண் நின்று, எழுதி, அடைத்து, மறுபடி சென்னை. மறுபடியும் இறங்கியது.

"இந்தப் படிகங்கள் பாவம்" என்றார் மேடம், கோட்டைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டும் ஒத்துப் போகாம கட்டுரை எழுத முடியாது ஸ்டெல்லா. இதை விட்டுட்டு வேற ஒண்ணு செய்யலாம்."

வேறொன்று செய்ய எனக்கு நேரமில்லை. இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். அந்த ஆண்டு மழைக்காலத்தோடு என் பதிவுக் காலம் முடிகிறது. அதற்குள் கொடுக்காவிட்டால் அத்தனை வருஷமும் பட்டம் இல்லாமல் போகும். புதிய கொத்து ஒன்றைச் செய்து படிகமாக்கிப் படம் எடுக்கவே அவ்வளவு காலம் ஆகும். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது முதல் முறையாக எனக்குப் பயம் வந்தது.

அந்தப் பயத்தோடு முதுநகரில் இறங்கினால், எங்கள் தெருமுனையில் பெரிய பேனர். மாதா கோயில் திருவிழா வாழ்த்து, நடுவில் என் படம், கீழே கொட்டை எழுத்தில்: "எங்கள் தெருவின் முதல் முனைவர் ஸ்டெல்லா அவர்களை வாழ்த்துகிறோம்." அம்மாவின் தம்பி, ஷேர் ஆட்டோ ஓட்டும் லூர்து மாமாவின் வேலை. பேனருக்குக் கீழேயே ஆட்டோவை நிறுத்திவிட்டு அதை ரசித்துக்கொண்டிருந்தார்.

"மாமா! நான் இன்னும் ஆவல!"

"ஆவப்போறல்ல? திருவிழாவுக்கு பேனர் அடிக்கச் சொல்ல உன்னுதையும் சேத்து அடிச்சிட்டோம். நல்லா இருக்கா?"

"ஆவாம போயிட்டா?"

மாமா என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. "அழுவாத கண்ணு. பேனரைக் கழட்டுனா திருவிழா வாழ்த்தும் கூட வந்துடும். நான் ஒண்ணு பண்றேன்."

காலையில் பார்த்தால் 'முனைவர்' என்ற சொல்லின்மேல் மட்டும் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தார். இப்போது பேனர் சொன்னது: "எங்கள் தெருவின் முதல் ஸ்டெல்லா." பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாம் நின்று படித்தார்கள். எங்கள் தெருவில் எனக்கு முன்னால் இரண்டு ஸ்டெல்லா உண்டு. அவர்களில் ஒருவர் மாமாவிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

அந்த வாரம்தான் ஆய்வகத்தில் மின்சாரம் போனது. மீதமிருந்த படிகங்களை என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கத்தில் கொஞ்சம் எடுத்து வடிதாளில் ஒற்றித் தராசில் வைத்திருந்தேன். தராசுக்குத் தனி பேட்டரி இருந்ததால் அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விசிறி நின்றுவிட்டது. கோடை மழைச் சாரலுக்காக ஜன்னல்கள் முன்பே சாத்தியிருந்தன. அறையில் ஒரு இழை காற்று இல்லை.

எண் இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, விசிறிதான் ஓடலயே?" என்றாள் கயல்விழி.

"அதான் பாக்கறேன்."

"உங்க மூச்சா இருக்கும்."

நான் மூச்சைப் பிடித்தேன். எண் இறங்கியது.

"அப்ப உன் மூச்சுடி."

இருவரும் கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்கள் பிதுங்க, அந்த எண்ணைப் பார்த்து நின்றோம். அது எங்களைப் பற்றிக் கவலைப்படாமல் இறங்கியது. கயல்விழிதான் முதலில் சிரித்து மூச்சை விட்டாள். நான் படிகங்களை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடித் துண்டை வைத்தேன். எண் நின்றது, ஆணி அடித்த மாதிரி. மறுபடி குப்பியிலிருந்து புதிய படிகங்களை எடுத்து வைத்தேன். இறங்கத் தொடங்கியது.

காற்றுமில்லை, மூச்சுமில்லை. படிகங்கள்தான் எடை இழந்துகொண்டிருந்தன. குப்பிக்குள், விளைந்த கரைசலிலேயே கிடந்தவற்றைப் பார்த்தேன்: பச்சைக் கண்ணாடி. தராசுத் தட்டில் இருந்தவற்றைப் பார்த்தேன்: ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வந்தன, கண்ணில் புரை விழுகிற மாதிரி. தட்டருகே மூக்கைக் கொண்டுபோனேன். மெத்தனால் வாசனை.

இத்தனை நாளும் எண் ஓடுவது எங்கோ புகும் காற்றால் என்று நினைத்து, அது நிற்கட்டும் என்று காத்திருந்தோம். எண் நின்றதென்றால், நிக்கலோடு ஒட்டியிருந்த மெத்தனால் முழுக்கப் போய்விட்டது என்று அர்த்தம். படம் எடுத்தது ஈரப் படிகத்தை. சென்னைக்குப் போனது காய்ந்த படிகம். மெத்தனால் கழன்றால் உள்ளே கூடு நெளியும், கோணம் விரியும். இரண்டும் வேறு வேறு பொருள்கள். அவசரக்காரிகள் யாராவது எண் நிற்கும் முன்பே அள்ளி அடைத்திருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். எங்களைப் போல ஒழுங்காக வேலை செய்கிறவர்கள்தான் இப்படி முழுசாகத் தவற விட முடியும்.

மேடத்தை அழைத்து வந்தேன். அவர் தராசின் முன்னால் உட்கார்ந்து, தானே படிகங்களை வைத்து, எண் ஓடுவதை வெகுநேரம் பார்த்தார். கயல்விழி என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"மத்த எதுக்கும் என் சட்டம் சரிதான்" என்றார் மேடம் கடைசியில்.

"சரிதான் மேடம்."

"இதுக்கு மட்டும் அதுவே வில்லன்."

பிறகு அவர் சிரித்தார். நான் பார்த்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்ததில்லை. தோள் குலுங்கியது. "எத்தனை பேரை வேர்க்க வெச்சிருக்கேன் இந்த ரூம்ல!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அடுத்து நடந்ததெல்லாம் வேகம். படிகங்களைக் கரைசலோடு அப்படியே மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, அடியை ஐஸில் புதைத்துக் குளிர வைத்துக்கொண்டே, மேல்முனையைத் தீயில் உருக்கி மூடினோம். மெத்தனால் பற்றிக்கொள்ளும் என்பதால் மேடமே செய்தார். விரல் நுனி அளவு குழாய். உள்ளே பச்சையாகக் கொஞ்சம். இருந்த படிகம் மொத்தமும் அவ்வளவுதான். சென்னையில் ஒருவர் தன் முறையை விட்டுக்கொடுத்ததால் எங்களுக்கு இரண்டு நாள் கிடைத்தது. குழாயை வெயிலில் கொண்டுபோக மனமில்லை. அப்பாவிடம் தெர்மோகோல் பெட்டி கேட்டேன்.

"எத்தினி கிலோ மீனு?"

"மீனில்லப்பா. இது." குழாயைக் காட்டினேன்.

"இதுக்கா பொட்டி?" அப்பா குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உன் ஆளுங்க இதுக்குள்ளதான் இருக்காங்களா?"

"ஆமா."

"சின்ன பசங்கதான்" என்று சொல்லிவிட்டு, ஐஸைப் பொடியாக உடைத்துப் பெட்டியில் மெத்தை போட்டார். பெட்டி என்னவோ நெத்திலி மணத்தது. சென்னை பஸ்ஸில் கண்டக்டர் நேராக என்னிடம் வந்தார்.

"யம்மா, மீன் கூடையெல்லாம் ஏத்தக் கூடாது."

"மீன் இல்லண்ணா. கெமிஸ்ட்ரி."

"எதுவா இருந்தா இன்னா, நாத்தம் ஜாஸ்தியா இருக்குதே" என்று சொல்லி, பெட்டியையும் என்னையும் கடைசி சீட்டுக்கு அனுப்பினார்.

சென்னையில் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் ரகு சார். குழாய்க்குள் திரவம் இருப்பதைப் பார்த்ததும் முகம் மாறியது. "என் மெஷின்குள்ள மெத்தனாலா? கசிஞ்சா யார் பதில் சொல்றது?"

"கசியாது சார். உருக்கி மூடியிருக்கோம். எங்க மேடம் மூடினது."

மேடத்தின் பெயர் வேலை செய்தது. குழாயை ஸ்ட்ராவுக்குள் செருகி இறக்கினோம். திரையில் புள்ளிகள் வர ஆரம்பித்தன. வலப்பக்கம் சூடு, இடப்பக்கம் குளிர். ஒவ்வொரு புள்ளியாக இடப்பக்கம் நகரும். முதலில் ஒரே மட்டம். நான் நாற்காலியின் விளிம்பில் இருந்தேன். பிறகு ஒரு புள்ளி, முந்தையதைவிட மயிரிழை மேலே. அடுத்தது இன்னும் மேலே. மத்தியானத்துக்குள் கோடு படியேறுவது போல ஏறிவிட்டது. நான்கு பேரும் ஒரே பக்கம்.

மேடத்துக்குப் போன் செய்தேன். "ஏறுது மேடம்."

"நல்லா பாத்தியா?"

"நல்லா ஏறுது மேடம்."

"அப்ப கிளம்பி வா. கட்டுரைக்கு இது போதும்."

போதுமா என்று எனக்கே ஒரு கேள்வி இருந்தது. முன்பு இறங்கியது குப்பியிலிருந்து வேறு நாள் எடுத்த படிகங்கள், இப்போது ஏறுவது வேறு படிகங்கள். அதில் அழுக்கு இருந்திருக்கலாம், இதில் இருக்கலாம் என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மெத்தனால்தான் காரணம் என்றால், இதே படிகங்கள் மெத்தனாலை இழந்ததும் இறங்கிக் காட்ட வேண்டும். இறங்காவிட்டால் என் விளக்கமே பொய். அது தெரிந்த பிறகு கட்டுரையும் இல்லை, மழைக்கு முன் ஆய்வேடும் இல்லை. காய வைக்காமல் கிளம்பினால் இன்றைக்கு யாரும் கேட்கப் போவதில்லை.

"மேடம், இதைக் கெடுக்கட்டுமா?"

மறுமுனையில் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"கெடுத்தா திரும்பி வராது ஸ்டெல்லா. வேற படிகம் நம்மகிட்ட இல்ல."

"தெரியும் மேடம்."

"எது நடந்தாலும் ஒத்துக்கணும்."

"தெரியும் மேடம்."

"சரி. கெடு."

பக்கத்து அறையில் வெற்றிடப் பம்பு இருந்தது. குழாயின் முனையைக் கீறி உடைத்தேன். சத்தம் என் பல்லில் கேட்டது. குழாயைப் பம்பில் மாட்டியதும் கரைசல் கொதித்துக் காணாமல் போனது. அதன்பின் படிகங்கள் ஒவ்வொன்றாக மங்கின. ரகு சார் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தானம்மா இருந்துச்சு? ஏன் இப்படிப் பண்றீங்க?"

"நாளைக்குச் சொல்றேன் சார்."

மறுநாள் காலையில் அதே குழாய், அதே ஸ்ட்ரா, அதே இயந்திரம். புள்ளிகள் வலப்பக்கத்திலிருந்து கிளம்பின. ஒரே மட்டம். மறுபடி ஒரே மட்டம். பிறகு ஒரு புள்ளி தயங்கிய மாதிரி கொஞ்சம் கீழே வந்தது. அடுத்தது இன்னும் கீழே. அதன் பிறகு கோடு கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இறங்கியது.

போனைக் காதில் வைத்துக்கொண்டே எழுந்துவிட்டேன். "மேடம், கெட்டுப்போச்சு! முழுசா கெட்டுப்போச்சு மேடம்!"

அந்தப் பக்கம் மேடம் என்ன சொன்னார் என்று சரியாகக் கேட்கவில்லை. கயல்விழி பின்னாலிருந்து கூவினது மட்டும் கேட்டது. ரகு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு இங்க அழுதவங்களைப் பாத்திருக்கேன். குதிக்கிற ஆளை இப்பத்தான்மா பாக்கறேன்."

இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் போட்டுக் கட்டுரை அனுப்பினோம். அது வெளிவந்தது. மழை தொடங்கும் முன்பே ஆய்வேட்டைக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வு அன்று அப்பா, அம்மா, மாமா மூவரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தேர்வாளர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "இதுல உங்களுக்குப் பெருமையான கோடு எது?" என்று கேட்டார்.

அவர் எதிர்பார்த்தது ஏறுகிற கோடாக இருக்கலாம்.

"இறங்கறது சார்" என்றேன்.